காக்பிட்டில் எந்தப் பாட்டு?

போர் விமான கேம் ஆடுவோருக்கு ஒரு திறந்த மடல்

போர் விமான கேம் ஆடும்போது எந்த இசையைக் கேட்கலாம் என்பதை முடிவு செய்வதில் ரசனைக்கு இரண்டாவது இடம்தான். அந்த கேம் ஆடுபவரின் காதை எவ்வளவு வேலை வாங்குகிறது என்பதே முதல் கேள்வி. சில கேம்களில் காது சும்மா இருக்கிறது. திரையில் தெரிவதை வைத்தே ஜெயித்துவிடலாம். வேறு சிலவற்றில் எதிரியின் ஏவுகணை கிளம்பியதைக் கண் பார்ப்பதற்கு முன்பே காது சொல்லிவிடுகிறது. முதல் வகையில் என்ன பாட்டு ஓடினாலும் குற்றமில்லை. இரண்டாவது வகையில் தவறான பாட்டு, தவறான நேரத்தில் ஓடினால் விமானம் போய்விடும்.

'ஆஃப்டர் பர்னர்', 'ஏஸ் காம்பாட்' போன்றவை ஆர்கேட் வகை. ஒரே விமானம் டஜன் கணக்கில் ஏவுகணைகளைச் சுமக்கும். அது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. 'டிசிஎஸ் வேர்ல்ட்', 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்', 1998-இல் வந்த 'ஃபால்கன் 4.0' ஆகியவை சிமுலேட்டர்கள். இவற்றில் என்ஜினைக் கிளப்பவே சுவிட்ச் சுவிட்சாகப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 'வார் தண்டர்' இருக்கிறது. ஆர்கேட், ரியலிஸ்டிக், சிமுலேட்டர் என்று மூன்று முறைகள் அதில் உண்டு என்பதால், ஒரே கேமுக்குள்ளேயே இசையைப் பற்றிய விடை மாறிவிடுகிறது.

சிமுலேட்டரில் காது என்ன வேலை செய்கிறது என்பதற்கு சைட்வைண்டர் ஏவுகணை நல்ல உதாரணம். அதன் மூக்கில் இருக்கும் உணரி, வெப்பத்தைத் தேடும். எதுவும் சிக்காதபோது ஹெட்செட்டில் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்கும். எதிரி விமானத்தின் என்ஜின் வாய் உணரியின் பார்வைக்குள் வந்ததும் இரைச்சல் உறுமலாகிறது. பிடி விழுந்ததும் ஸ்தாயி ஏறிக் கீச்சிடுகிறது. அந்த ஏற்றத்தைக் கேட்ட பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். உறுமலுக்கும் கீச்சுக்கும் இடையிலான வித்தியாசத்தைத் தவறவிட்டவர் ஏவுகணையை வானத்துக்குத் தானம் செய்வார்.

ராடார் எச்சரிக்கைக் கருவியும் இதே போலத்தான் பேசுகிறது. புதிய ராடார் ஒன்று விமானத்தைத் தொட்டால் ஒரு பீப். அது பூட்டிக்கொண்டால் வேறொரு ஒலி. ஏவுகணை வருகிறது என்றால் இன்னொரு தொனி, இன்னும் அவசரமாக. கூடவே உயரம் குறைந்தாலோ எரிபொருள் தீர்ந்தாலோ குரல் கொடுக்கும் அந்தப் பெண். அமெரிக்க விமானிகள் அவளை 'பெட்டி' என்றும் ரஷ்ய விமானிகள் 'ரீட்டா' என்றும் அழைப்பார்கள். எஃப்/ஏ-18 விமானத்தில் ஒலிக்கும் குரல் போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய லெஸ்லி ஷூக் என்பவருடையது.

இரண்டாம் உலகப் போர் விமானங்களில் இந்த மின்னணுச் சத்தங்கள் கிடையாது. ஆனால் காதின் வேலை குறைவதில்லை, கூடுகிறது. திருப்பத்தில் ஸ்டிக்கை அதிகமாக இழுத்துவிட்டால் இறக்கைமேல் காற்று பிய்ந்து தடதடக்கும். அதற்குமேல் இழுத்தால் விமானம் ஸ்டாலாகிச் சுழலும். டைவில் வேகம் எல்லை மீறுவதைக் காற்றின் ஓலம் சொல்கிறது. என்ஜின் ஓட்டத்தில் ஓர் இடறல் வந்தால், குண்டு பட்டிருக்கிறது அல்லது சூடேறிவிட்டது. டாக்ஃபைட்டின் நடுவே மீட்டரைக் குனிந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. கழுத்தைத் திருப்பி எதிரியைப் பார்த்துக்கொண்டே, தன் விமானத்தின் நிலைமையைக் காதால் அறிந்துகொள்பவர்தான் அங்கே நீடிக்கிறார்.

ஒலியை ஒலி மறைக்கும் என்பது ஒலியியலின் அடிப்படைப் பாடம். ஏறத்தாழ ஒரே அலைவரிசையில் இரண்டு சத்தங்கள் வந்தால் பெரியது சிறியதை விழுங்கிவிடும். எச்சரிக்கை ஒலிகளும் ரேடியோவில் வரும் மனிதக் குரலும் பெரும்பாலும் நடு அலைவரிசையில் இருக்கின்றன. கரகரவென்று கத்தும் எலெக்ட்ரிக் கிட்டார், சிந்தசைசரின் கூர்மையான மெட்டு, உச்சஸ்தாயிப் பாடகர் எல்லாரும் குடியிருப்பதும் அங்கேதான். ஹெவி மெட்டலைப் போட்டுக்கொண்டு சைட்வைண்டரின் உறுமலைத் தேடுவது அதனால்தான் வீண்வேலை. அடி பாஸும் டிரம்ஸும் அந்த அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை, ஆனால் ஜெட் என்ஜினின் முழக்கத்தோடு அவை மோதும். நடுப்பகுதியைக் காலியாக விட்டுவைக்கும் இசைதான் சிமுலேட்டருக்குத் தோது: அடர்த்தியில்லாத பியானோ, நீண்டு மிதக்கும் ஸ்ட்ரிங்ஸ், ஆம்பியன்ட் வகை.

உண்மையான போர் விமானத்தின் காக்பிட்டில் இசைக்கு இடமே கிடையாது என்று நினைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து விமானங்களில் திசை காட்டும் ரேடியோ ஒன்று இருந்தது. தரையிலுள்ள நிலையத்தின் அலையைப் பிடித்து, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அது காட்டும். சாதாரண வானொலி நிலையத்தையும் அதில் பிடிக்கலாம். பிடித்தால் பாட்டும் சேர்ந்தே வரும். 1941 டிசம்பர் 7 அதிகாலையில் ஹொனலூலு வானொலி இரவு முழுக்க இசை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து வரவிருந்த பி-17 குண்டுவீச்சு விமானங்கள் அந்த அலையைப் பிடித்து ஹவாயை வந்தடைய வேண்டும் என்பது ஏற்பாடு. பணிக்கு காரில் போய்க்கொண்டிருந்த லெப்டினன்ட் கெர்மிட் டைலர் அந்த இசையைக் கேட்டார்; இரவெல்லாம் பாட்டு ஓடினால் விமானங்கள் வருகின்றன என்று பொருள் என்பது அவருக்குத் தெரியும். அன்று காலை ராடாரில் பெரிய கூட்டம் ஒன்று தெரிவதாகச் சொல்லப்பட்டபோது, கவலைப்பட வேண்டாம் என்று அவர் பதில் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். வந்தவை ஜப்பானிய விமானங்கள். அவற்றின் தலைவர் மிட்சுவோ ஃபுச்சிடாவும் அதே ஹொனலூலு நிலையத்தின் இசையைப் பிடித்துத்தான் பேர்ல் துறைமுகத்துக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சம்பவத்தில் கேம் ஆடுபவர் கவனிக்க வேண்டியது, இசை எந்தக் கட்டத்தில் ஒலித்தது என்பது. கடலைக் கடந்து போகும் நீண்ட பயணத்தில் ஒலித்தது; குண்டு போடும்போது அல்ல. சிமுலேட்டர் ஆட்டத்தையும் அப்படியே பிரித்துக்கொள்ளலாம். என்ஜின் கிளப்புவது, ஓடுதளத்துக்கு உருள்வது, இலக்கை நோக்கிப் பறப்பது, திரும்பி வருவது ஆகியவைதான் நேரத்தின் பெரும்பகுதி. 'டிசிஎஸ்'ஸில் அரை மணி நேரம் பறந்து போய், மூன்று நிமிடம் சண்டை போட்டு, மறுபடி அரை மணி நேரம் பறந்து வருவது சர்வசாதாரணம். இசைக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கிறதே, போதாதா? சண்டையின் மூன்று நிமிடத்துக்கு ப்ளேலிஸ்ட் நிறுத்தப்பட வேண்டும். அதற்கென்று த்ராட்டிலில் ஒரு பொத்தானை ஒதுக்கி, மீடியா பிளேயரின் 'பாஸ்' கட்டளையை அதற்குக் கொடுத்துவிடுவது நல்லது. கீபோர்டைத் தடவிக்கொண்டிருக்கையில் சுடப்பட்டவர்கள் ஏராளம்.

இசையும் சத்தமும் மோதும் இந்தச் சிக்கலை சினிமாக்காரர்கள் வேறு விதமாகத் தீர்த்தார்கள். 1969-இல் வந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்துக்கு முதலில் இசையமைத்தவர் வில்லியம் வால்டன். அந்த இசையைத் தயாரிப்புத் தரப்பு ஒதுக்கிவிட்டு ரான் குட்வினிடம் புதிதாக வாங்கியது. வால்டன் எழுதியதில் ஒரே ஒரு பகுதி மட்டும் தப்பியது: உச்சகட்ட வான்சண்டைக்கான இசை. அந்தக் காட்சியில் இயக்குநர் கை ஹாமில்டன் துப்பாக்கிச் சத்தம், என்ஜின் சத்தம், வசனம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இசையை மட்டும் ஓடவிட்டார். இசை, சத்தம் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பார்வையாளருக்கு அது போதும். அவர் யாரையும் சுட வேண்டியதில்லை. ஸ்டிக்கைப் பிடித்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

'டாப் கன்' (1986) படத்தின் 'டேஞ்சர் ஸோன்' பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜார்ஜியோ மொரோடர் இசையமைத்து கென்னி லாகின்ஸ் பாடியது. போர் விமான ப்ளேலிஸ்ட் என்றாலே இதுதான் முதலில் வந்து உட்காரும். படத்தின் தொடக்கத்தில் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து விமானங்கள் பாயும் இடத்தில் அது வருகிறது. கேமிலும் அதன் இடம் டேக்-ஆஃப்தான். மூன்றரை நிமிடப் பாட்டு முடிவதற்குள் விமானம் உயரம் ஏறிவிடும். சண்டை முழுக்க அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவது சலிப்பூட்டும் பழக்கம் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆர்கேட் கேம்களின் கதை தலைகீழானது. அங்கே இசை வெளியிலிருந்து வர வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. சேகா நிறுவனம் 1987-இல் வெளியிட்ட 'ஆஃப்டர் பர்னர்' ஆட்டக்காரரின் இருக்கையையே ஆட்டும் பெட்டியோடு வந்தது. ஹிரோஷி கவாகுச்சியின் ராக் இசையைத் தவிர்த்துவிட்டு அதை நினைத்துப் பார்க்க முடியாது. விண்வெளிச் சண்டை கேமான 'எக்ஸ்-விங்' (1993) இன்னொரு படி மேலே போனது. லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ஐ-மியூஸ் என்ற முறை அதில் இருந்தது. எதிரிக் கப்பல் வந்தால் இசை தானாகத் திசைமாறும். நிலைமை மாறினால் மறுபடி மாறும். மாற்றம் வெட்டித் தெரியாமல் மெட்டோடு மெட்டாக இணையும். எனவே அந்த கேமில் இசையும் ஒரு கருவி. அதை அணைத்துவிட்டுச் சொந்தப் பாட்டைப் போடுபவர் ஓர் எச்சரிக்கை விளக்கை அணைக்கிறார்.

'ஏஸ் காம்பாட்' தொடரில் கேய்கி கோபயாஷியின் இசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். 2001-இல் வந்த நான்காவது பாகத்தின் கடைசி மிஷனில் லத்தீன் மொழிப் பாடகர் குழு முழங்குகிறது. ஏவுகணை மழைக்குள் புகுந்து, சுரங்கத்துக்குள் விமானத்தைச் செலுத்த வேண்டிய கட்டம் அது. தேவாலயத்தில் கேட்க வேண்டிய குரல்கள் போர்க்களத்தில் கேட்பதால்தான் அதற்கு அந்த கனம். 2006-இல் வந்த 'ஏஸ் காம்பாட் ஸீரோ'வில் கடைசிச் சண்டை, முன்பு தோளோடு தோள் நின்று பறந்த பிக்ஸி என்ற கூட்டாளியுடன். அந்த இடத்தில் ஆர்கெஸ்ட்ராவோடு ஸ்பானிஷ் ஃபிளமெங்கோ கிட்டார் சேர்கிறது. இரண்டு பேர் மட்டும் நேருக்கு நேர் பாய்ந்து மோதும் அந்தச் சண்டைக்கு வேறு எந்த வாத்தியமும் இப்படிப் பொருந்தியிருக்குமா என்பது சந்தேகமே. இந்த மிஷன்களை முதல்முறை ஆடுபவர் தன் ப்ளேலிஸ்டை எடுக்கவே கூடாது. பத்தாவது முறை, பட்டம் வாங்குவதற்காகவோ விமானம் வாங்கக் காசு சேர்ப்பதற்காகவோ ஆடும்போது எதை வேண்டுமானாலும் போடலாம். அப்போதும் இந்தத் தொடரில் கதை முழுக்க ரேடியோ உரையாடலில் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம். பாடல் வரியும் வசனமும் முட்டிக்கொள்ளும்.

வரிகள் உள்ள பாட்டா, வாத்திய இசையா என்ற கேள்வி இங்கே வந்து சேர்கிறது. கவனிக்கத் தேவையில்லாத பேச்சு காதில் விழுந்துகொண்டிருந்தால், எண்களையும் சொற்களையும் வரிசையாக நினைவில் வைத்துக்கொள்வது சிரமமாகிறது என்பதை உளவியலில் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. சிமுலேட்டரில் ரேடியோவில் வருவதெல்லாம் எண்கள்தான்: எதிரி இருக்கும் திசை, தூரம், உயரம், எந்தப் பக்கம் போகிறான். நான்கையும் ஒரே மூச்சில் கேட்டுத் தலைக்குள் வரைபடம் போட வேண்டும். அந்த நேரத்தில் மனப்பாடமான தமிழ்ப் பாட்டு ஒன்று ஓடினால், வாய் தன்னை அறியாமல் அடுத்த அடியை முணுமுணுக்கும்; உயரம் பதினெட்டாயிரமா எட்டாயிரமா என்பது காற்றில் போய்விடும். புரியாத மொழிப் பாட்டு அந்த அளவுக்கு இழுக்காது என்பது பலருடைய அனுபவம்.

தமிழ்க் காதுக்கு வாத்திய இசையில் பஞ்சமில்லை. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்', ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு அவர் செய்த 'நத்திங் பட் விண்ட்' இரண்டும் நீண்ட பயணக் கட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்தவை. கதனகுதூகல ராகத்தில் பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் 'ரகுவம்ச சுதா' கீர்த்தனையை வயலினிலோ மாண்டலினிலோ கேட்டால், டேக்-ஆஃபுக்கு அமெரிக்கப் பாட்டு எதுவும் தேவைப்படாது. தனி ஆவர்த்தனம் மட்டும் ஆபத்து: கணக்கு எங்கே வந்து விழுகிறது என்று மனம் எண்ணத் தொடங்கிவிடும். மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை' (2017) ஓர் இந்திய விமானப்படை விமானியின் கதைதான், ஆனால் ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்கள் அதில் பெரும்பாலும் காதலைப் பற்றியவை. எரிபொருள் மிச்சமிருக்க, சேதமில்லாமல் வீடு திரும்பும் வழியில் கேட்க அவை நன்றாக இருக்கும்.

அடுத்தது தாளத்தின் வேகம். வேகமான இசை ஆளைச் சூடேற்றும், அதில் சந்தேகமில்லை. ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் 1908-இல் எலிகளை வைத்து நடத்திய ஆய்வின் பெயரால் அறியப்படும் விதி ஒன்று உண்டு: தூண்டல் ஓரளவு வரை செயலைக் கூர்மையாக்கும், எல்லை தாண்டினால் கெடுக்கும், வேலை எவ்வளவு கடினமோ அந்த எல்லை அவ்வளவு சீக்கிரம் வந்துவிடும். ஆர்கேட் கேமில் எதிரி முன்னால் வந்துகொண்டே இருப்பான், சுட்டுக்கொண்டே போகலாம். அதற்கு நிமிடத்துக்கு 170 பீட் ஓடும் டிரம் அண்ட் பேஸ் ஜோராகப் பொருந்தும். மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஓட்டுபவருக்கு அது சத்துரு. மேலே ஏறிக் காத்திருந்து, ஒரே பாய்ச்சலில் இறங்கிச் சுட்டு, திரும்பிப் பார்க்காமல் மறுபடி மேலே ஏறுவதுதான் அந்த விமானத்தின் வித்தை. காதில் தாளம் பறந்தால் கையும் பறக்கும். கீழே இறங்கி ஸ்பிட்ஃபயரோடு வட்டமடிக்கத் தோன்றும். அந்த வட்டத்தில் ஸ்பிட்ஃபயர்தான் ஜெயிக்கும்.

நடுவானில் எரிபொருள் நிரப்புவது இன்னும் நுட்பமான இடம். டேங்கர் விமானத்தின் பின்னால் மிக அருகில் ஒட்டிக்கொண்டு நிமிடக்கணக்கில் நிற்க வேண்டும். பதற்றத்தில் ஸ்டிக்கைப் பிடித்த கை இறுகும். இறுகினால் விமானம் மேலும் கீழும் ஆடும். ஆட்டத்தைத் திருத்தப் போய் ஆட்டம் பெரிதாகும். இங்கே எச்சரிக்கை ஒலிகளுக்கு வேலை குறைவு, கைக்குத்தான் வேலை. விளம்ப காலத்தில் ஓர் ஆலாபனையோ மெதுவான ஜாஸ் பியானோவோ ஓடினால் மூச்சு சீராகும், பிடி தளரும். சிமுலேட்டரில் இசை உண்மையாகவே உதவி செய்யும் இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும்.

காலத்துக்குப் பொருந்திய இசை வேண்டும் என்பவர்கள் ஒரு கட்சி. 1944-ஆம் ஆண்டு மிஷன் ஆடும்போது க்ளென் மில்லரின் ஸ்விங் இசைக்குழு பின்னால் ஒலிப்பதில் தனிச் சுவை உண்டு. மில்லர் அமெரிக்க ராணுவ விமானப்படை இசைக்குழுவை நடத்தியவர். அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பிரான்ஸுக்குப் புறப்பட்ட சிறிய விமானம் ஆங்கிலக் கால்வாய்மேல் காணாமல் போனதில் அவரும் போனார். வியட்நாம் காலத்து ஹியூயி ஹெலிகாப்டருக்கு அறுபதுகளின் அமெரிக்க ராக் என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. 'அபோகலிப்ஸ் நவ்' (1979) படத்தில் ஹெலிகாப்டர்கள் ஒலிபெருக்கியில் வாக்னரின் வால்கிரி இசையைப் போட்டுக்கொண்டு பாய்ந்ததிலிருந்து அதற்கும் நிரந்தர இடம் கிடைத்திருக்கிறது. அந்தக் காட்சி போரின் வெறியைக் காட்டுவதற்காக எடுக்கப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மெட்டல் கட்சியும் வலுவானது. அயர்ன் மெய்டனின் 'ஏசஸ் ஹை' (1984) பிரிட்டன் வான்போரைப் பற்றியது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் பின்னாளில் பயணிகள் விமானமே ஓட்டியவர். ஸ்வீடனின் சபட்டான் குழு, சோவியத் பெண்களின் 588-ஆவது இரவுக் குண்டுவீச்சுப் படையைப் பற்றி 2014-இல் 'நைட் விட்சஸ்' என்ற பாட்டை வெளியிட்டது. அந்தப் பெண்கள் போ-2 என்ற மெதுவான இரட்டை இறக்கை விமானத்தில் இரவில் போய், இலக்கை நெருங்கும்போது என்ஜினைத் தணித்து, காற்றில் சறுக்கியபடி குண்டு போட்டார்கள். ஜெர்மானியருக்குக் கேட்டதெல்லாம் காற்றின் சீறல்தான். சத்தம் போடாமல் சண்டை போட்டவர்களுக்கு இவ்வளவு சத்தமாக ஒரு பாட்டு! மிஷனுக்கு முன் ரத்தத்தைச் சூடாக்க அது நல்லது. 'ஐஎல்-2' தொடரில் அதே விமானத்தை ஓட்டி என்ஜினைத் தணிக்கும்போது, சபட்டானையும் தணித்துவிட வேண்டும்.

இனி வால்யூம். பெரும்பாலான கேம்களில் இசை, என்ஜின், ரேடியோ ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவு வைக்கலாம். முதலில் ரேடியோவையும் எச்சரிக்கை ஒலிகளையும் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வைத்து, என்ஜினை அதற்குக் கீழே இறக்கி, கடைசியாகத்தான் பாட்டைச் சேர்க்க வேண்டும். பாட்டின் அளவை முதலில் முடிவு செய்தால் மற்றதெல்லாம் அதோடு போட்டி போட்டு ஏறி, கடைசியில் காதுதான் கெடும். கேமுக்கு வெளியே ஓடும் பாட்டு தானாகக் குறைகிறது, கூடுகிறது என்று புகார் சொல்பவர்கள் விண்டோஸின் ஒலி அமைப்பில் 'கம்யூனிகேஷன்ஸ்' பகுதியைப் பார்க்கலாம். அழைப்பு வரும்போது மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. பயணக் கட்டத்தில் அது உதவியாகவே இருக்கும்: தோழர் பேசும்போது பாட்டு தானாக விலகி நிற்கும்.

பலர் சேர்ந்து ஆடும்போது இசை தனி விஷயமாக இருப்பதில்லை. ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு மைக்கைத் திறந்தே வைத்திருப்பவர், அணியில் உள்ள எல்லாருடைய காதிலும் அதை ஊற்றுகிறார். ஒருவருடைய குத்துப்பாட்டில் இன்னொருவருக்கு வர வேண்டிய ஏவுகணை எச்சரிக்கை மூழ்கினால், சண்டை முடிந்தபின் வேறொரு சண்டை தொடங்கும். பாட்டு வேண்டுமானால் ஹெட்செட். பேசும்போது மட்டும் அழுத்தும் பொத்தான். இது மரியாதை.

ஆட்டத்தை நேரலையாகக் காட்டுபவர்களுக்கு உரிமைச் சிக்கலும் உண்டு. 2020 அக்டோபரில் ட்விட்ச் தளத்தில் பதிப்புரிமைப் புகார்களால் ஏராளமான வீடியோக்கள் நீக்கப்பட்டன. யூடியூபில் பாட்டை அடையாளம் காணும் வேலையைக் கணினியே செய்கிறது. கேமின் சொந்த இசையிலும், அதற்குள் வரும் வெளியார் பாடல்களால் இதே தொல்லை வரலாம்: 'ஏஸ் காம்பாட் 5'-இல் படில் ஆஃப் மட் குழுவின் 'ப்ளர்ரி' பாட்டு இருக்கிறது. ஓபிஎஸ் மென்பொருளில் ஆறு ஆடியோ டிராக்குகள் வரை தனித்தனியாகப் பதிவு செய்ய முடியும். பாட்டை ஒரு டிராக்கிலும் விமானச் சத்தத்தை இன்னொன்றிலும் வைத்துக்கொண்டால், வீடியோவை வெளியிடும்போது பாட்டை மட்டும் கழற்றிவிடலாம்.